ஏசிபி பலகையில் எல்ஈடி எழுத்து: உப்புக் காற்றில் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்?

கல்லடிப் பாலம் தாண்டினால் காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று பிரதான வீதி நெடுகிலும் புதுக்கடை திறக்கிறவர்கள் பெயர்ப்பலகைக்கு ('போட்') கேட்பது ஒரே சாமானைத்தான்: பொக்ஸ் பார் சட்டத்தில் ஏசிபி பலகை, அதன் மேல் உள்ளுக்குள் லைற் எரியும் அக்ரிலிக் 3டி எழுத்து. பட்டறைகளும் இதை ஒரு பொதியாகவே விற்கின்றன. கொட்டேஷனில் ஒரே ஒரு வரி இருக்கும், சதுர அடிக்கு ஒரு விலை இருக்கும், அவ்வளவுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பொருளுக்குப் பத்துக்கு எட்டுக் கொடுக்கலாம். ஆனால் இந்தக் கரையில் அது வழமையாகப் பூட்டப்படும் விதத்துக்கு ஐந்துக்கு மேல் கொடுக்க மனம் வராது. கடலோரத்தில் போட் முதுகுப் பக்கமிருந்துதான் கெட ஆரம்பிக்கும். காசு கொடுக்கிறவர் பார்ப்பதோ முகப்பை மட்டும். அதனால் இந்த மதிப்பீட்டில் நிறம், மினுக்கம் பற்றிய பேச்சு குறைவு. ஆணி, வயர், பசை பற்றிய பேச்சு கூட.

பலகை

ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக்கை வைத்து ஒட்டிய தாள். 8 அடிக்கு 4 அடி, மொத்தத் தடிப்பு 3 அல்லது 4 மில்லிமீற்றர். "நாங்கள் 4 எம்எம் போடுறம்" என்று பட்டறை சொன்னால் அதில் பாதிச் செய்திதான் இருக்கிறது. கேட்க வேண்டியது வெளித்தகட்டின் தடிப்பை. மலிவுத் தாளில் அது 0.21 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் குறைவு. நல்ல தாளில் 0.3, அதற்கு மேலும் உண்டு. நடுவில் எவ்வளவு பிளாஸ்ரிக்கை நிரப்பினாலும் தகடு மெலிந்தால் பலகை வளையும், மடிப்பில் கிழியும். வெட்டி மிஞ்சிய துண்டொன்றைக் கேட்டு வாங்கி, தகட்டின் ஒரு மூலையை உரித்து வேர்ணியரில் அளந்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். தரத் தயங்குகிற பட்டறையில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

மேற்பூச்சிலும் இரண்டு வகை. பொலியெஸ்டர் பூச்சு உள்ளறைக்குப் போதும். வெயிலுக்கு நிற்பது பிவிடிஎஃப் பூச்சு. மேற்கே பார்த்த கடைமுகப்பில், கச்சான் காற்று வீசும் மாதங்களின் பின்னேர வெயிலில், பொலியெஸ்டர் பூசிய சிவப்புத்தான் முதலில் வெளிறும். விரலால் தடவினால் சுண்ணாம்பு மாதிரித் தூள் வரும். வெள்ளை, சாம்பல், கடும் நீலம் கொஞ்சம் நின்றுபிடிக்கும்.

மடிப்பைக் கிட்ட நின்று பாருங்கள். பலகையின் ஓரம் பெட்டி போல் உள்ளே மடிய வேண்டுமானால் பின்பக்கத் தகட்டையும் நடுப் பிளாஸ்ரிக்கையும் ரவுட்டரால் (பள்ளம் வெட்டும் இயந்திரம்) 'வி' வடிவில் கீறி, முன் தகட்டின் மேல் 0.3 மில்லிமீற்றர் அளவு பிளாஸ்ரிக்கை மட்டும் விட்டு மடிக்க வேண்டும். ஆழம் கூடினால் முன் தகடே வெட்டுப்பட்டு, மடித்த விளிம்பில் பூச்சு மயிரிழையாய் வெடிக்கும். உப்பு நுழைவது அந்த இடத்தால்தான். ஆழம் குறைந்தால் மூலை உருண்டு நிற்கும், கொஞ்ச நாளில் விரிந்து கொடுக்கும். கணினி ஓட்டும் சிஎன்சி மேசையில் இது தானாகச் சரிவரும். கை ரவுட்டரில் செய்கிறவர் கத்தியின் ஆழத்தைத் தாளுக்குத் தாள் சரிபார்த்தால்தான் ஆகும். பாதுகாப்புப் பிளாஸ்ரிக் உறையில் அம்புக்குறி இருக்கும். வெள்ளி, பொன் நிறத் தாள்களை ஒரே அம்புத் திசையில் பூட்டாவிட்டால் பக்கத்துப் பக்கத்துத் தாள் இரண்டு நிறமாய்த் தெரியும். பிறகு திருத்த முடியாது. பூட்டி முடிந்ததும் அந்த உறையை உரித்துவிட வேண்டும். திறப்பு விழா வரைக்கும் என்று வெயிலில் விட்டால் பசை தாளிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

தாள்களை முட்டவைத்துப் பூட்டினால் நண்பகலில் பலகை வயிறு தள்ளும். 40 பாகை வெப்ப வித்தியாசத்துக்கு 8 அடி அலுமினியம் 2 மில்லிமீற்றருக்கு மேல் நீளும். இடைவெளி 8 முதல் 10 மில்லிமீற்றர் விட்டு சிலிக்கன் நிரப்புவதுதான் முறை. அந்த சிலிக்கனிலும் ஒரு விசயம் உண்டு. ரியூப்பைத் திறந்ததும் வினாகிரி மணம் வந்தால் அது அமிலம் விடும் வகை. கண்ணாடிக்கு நல்லது, நாகமுலாம் பூசிய இரும்புக்கும் வெட்டிய அலுமினிய விளிம்புக்கும் ஆகாது. 'நியூட்ரல்' என்று எழுதிய ரியூப்தான் வேண்டும். விலை வித்தியாசம் ஒரு போட்டுக்குப் பெரிதில்லை. ஆனாலும் கடைகளில் கைக்கு வருவது வினாகிரிதான்.

சட்டமும் ஆணியும்

புள்ளிகள் அதிகம் குறைவது இங்கேதான். பலகைக்குப் பின்னால் நிற்பது ஒரு அங்குல ஜீஐ (நாகமுலாம் பூசிய இரும்பு) பொக்ஸ் பார். 'ஜீஐ' என்றதும் துருப்பிடிக்காது என்று நினைப்பவர்கள் பலர். வெல்டிங் வைத்த ஒவ்வொரு மூட்டிலும் நாகமுலாம் எரிந்து போய்விடுகிறது. அந்த அங்குலத்தில் அது வெறும் இரும்பு. கசடு தட்டி, கம்பித் தூரிகையால் சுரண்டி, நாகம் கலந்த பெயின்ற் இரண்டு கை அடிக்க வேண்டும். வெள்ளிப் பெயின்ற் அடித்துவிட்டு 'கல்வனைஸ்' என்று சொல்வது நிறம் மட்டும்தான். பாரின் வாயை மூடி, கீழ்ப்பக்கம் ஒரு சிறு துளை விட வேண்டும். விடாவிட்டால் உள்ளே வியர்க்கும் நீர் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும்; வெளியில் பெயின்ற் பளபளவென்றுதான் இருக்கும். தடிப்பு 1.2 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வாங்க வேண்டாம். குறுக்குப் பார் 2 அடிக்கு ஒன்று.

ரிவெற்றில் பலர் ஏமாறுகிறார்கள். உடல் அலுமினியம், நடுவில் இழுபடும் தண்டு இரும்பு. இழுத்து முறிந்த பிறகு தண்டின் தலை உள்ளேயே நின்றுவிடும். ஒரு மாரி போனதும் வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு ரிவெற்றிலிருந்தும் வெற்றிலை எச்சில் வழிந்தது போல ஒரு கோடு இறங்கும். தண்டும் அலுமினியமான ரிவெற் வாங்கலாம், அல்லது தலையை நியூட்ரல் சிலிக்கனால் மூடலாம். கருப்பு ஜிப்சம் ஸ்குரூவை வெளிவேலையில் கண்டால் அந்த இடத்திலேயே கழட்டச் சொல்லுங்கள். சில்வர் (துருப்பிடிக்காத உருக்கு) ஸ்குரூ என்றால், கடலிலிருந்து தள்ளிய ஊருக்குள் 304 தரம் போதும். கடற்கரை வீதியில், அறுகம்பே பக்கத்து உணவகங்களில், 316 இல்லாமல் பழுப்புக் கறை வருவதைத் தடுக்க முடியாது.

காற்று. 1978 நவம்பர் 23 அன்று அடித்த சூறாவளியை மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அதை விடுவோம், சாதாரணக் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரைத் தள்ளும் விசை ஏறத்தாழ 48 கிலோ. 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்று கிட்டத்தட்ட 3 சதுர மீற்றர்; ஆக 140 கிலோ. வேகம் 150 ஆனால் விசை இரண்டே கால் மடங்கு, 320 கிலோ. இந்தச் சுமை போய்ச் சேருவது பெரும்பாலும் கடையின் மேல் கைப்பிடிச் சுவருக்கு. அது ஒற்றைக் கல் சுவர், பிடிமானம் ஸ்குரூத் துளையில் செருகும் இரண்டு பிளாஸ்ரிக் ஃபிஷர். சட்டத்தின் பிடிகள் கொங்கிறீற் பீமில், எம்10 விரிவு போல்ற்றில் இறங்க வேண்டும். பொள்ளல் சீமெந்துக் கல்லில் விரிவு போல்ற் இறுக்கினால் கல் உள்ளே நொறுங்கும். அன்றைக்கு இறுகியது போலத்தான் தெரியும். பீம் எட்டவில்லை என்றால் சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து இறுக்கலாம். அதற்கு மேசன் ஒருவர் கூட வர வேண்டும். அந்தக் கூலி கொட்டேஷனில் அநேகமாக இருக்காது.

தமிழ் எழுத்து கேட்கும் வேலை

3டி எழுத்துக்கான பட்டறைப் பழக்கம் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கென்று வந்தது. தமிழுக்கு அது அப்படியே பொருந்தாது. 'ஸ்டோர்ஸ்' என்ற ஒரு சொல்லை எடுங்கள். ஆங்கிலத்தில் ஆறு துண்டு. தமிழில் ஸ, ஒற்றைக் கொம்பின் நெடில், ட, கால், ர, ஸ, இவற்றோடு மூன்று புள்ளி. மொத்தம் ஒன்பது துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயர், தனித் துளை, தனிப் பிடி. எழுத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்லும் பட்டறை எதை ஒரு எழுத்தாக எண்ணுகிறது என்று ஓடர் கொடுக்கும் முன் பேசி முடியுங்கள்.

முதலில் விழுவது புள்ளி. ஒட்டும் பரப்பு மிகக் குறைவு. ஒரு அங்குல வட்டத்தில் வழமையான மொடியூல் (மூன்று எல்ஈடி பதித்த சிறு துண்டு) உள்ளே போகவும் மாட்டாது. அதனால் சிலர் புள்ளியை இருட்டாகவே விடுகிறார்கள், இரவில் மெய் எல்லாம் உயிர்மெய்யாகிவிடும். ஒற்றை எல்ஈடி மொடியூல் கிடைக்கிறது. அதை வைத்து, புள்ளியைப் பசையோடு மட்டும் விடாமல் பின்னிருந்து ஒரு ஸ்குரூவால் இறுக்குவதுதான் நம்பக்கூடிய வழி.

அடுத்தது கோட்டுத் தடிப்பு. மொடியூல் ஒன்று அரை அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம். சுற்றுச் சுவரையும் சேர்த்தால் எழுத்தின் கோடு எங்கும் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தடித்தும் மெலிந்தும் போகும் அழகான ஃபொன்ற் கணினித் திரைக்கு நல்லது. அதில் ஞ, ஜ, ஸ்ரீ போன்றவற்றின் சுழிகள் 8 அங்குல உயரத்தில் கூட அடைபடும், லைற் போகாது. ஒரே தடிப்பில் ஓடும் ஃபொன்ற்தான் தேவை. சின்ன வரிகளை (தொலைபேசி இலக்கம், 'சில்லறை, மொத்த விற்பனை') 3டியில் கேட்க வேண்டாம், ஸ்ரிக்கர் போதும்.

உயரத்திலும் ஒரு வித்தை நடக்கும். '8 அங்குல எழுத்து' என்று எழுதிவிட்டு, மேலே 'கி'யின் வளைவிலிருந்து கீழே 'மூ'வின் வால் வரை அளப்பார்கள். ப, ட போன்ற எழுத்தின் உடல் அப்போது 5 அங்குலமே வரும். வசதியாக வாசிக்க 10 அடித் தூரத்துக்கு ஒரு அங்குலம் என்பது தொழிலில் பழகிய கணக்கு; 60 அடி அகலச் சந்தியின் மறுகரையிலிருந்து வாசிக்க உடலே 6 அங்குலம் வேண்டும். அளவை 'ப'வின் உடலில் எழுதச் சொல்லுங்கள். மும்மொழிப் பலகையில் ஆங்கிலத்துக்குக் கொடுக்கும் அதே பட்டையைத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் கொடுத்தால் இரண்டும் சிறுத்துத்தான் போகும். அவற்றுக்கு மேலும் கீழும் இடம் கூட வேண்டும்.

கோப்பு விசயத்துக்கு வருவோம். இங்கே அநேகம் பேர் யூனிகோட் அல்லாத பாமினி ஃபொன்றில் அடிப்பவர்கள். அந்தக் கோப்பு பாமினி இல்லாத வெட்டும் இயந்திரக் கணினிக்குப் போனால் ஆங்கிலக் கிறுக்கலாகும். யூனிகோடில் அடித்ததைப் பழைய கொரல்ட்ரோ வரைகலை மென்பொருளில் திறந்தால் கொம்பு இடம்மாறி நிற்கும். எழுத்து முழுவதையும் வளைகோடாக மாற்றித்தான் கோப்பை அனுப்ப வேண்டும். அதோடு விடாமல் 'வெல்ட்' கட்டளையும் கொடுக்க வேண்டும். அது மேற்படிந்த வடிவங்களை ஒன்றாக்கும்; கொடுக்காவிட்டால் விசிறியும் காலும் எழுத்தோடு மேற்படியும் இடத்தில் இரண்டு எல்லைக் கோடு இருக்கும். வெட்டும் கத்தி இரண்டிலும் போய், ஸ்ரிக்கரில் நடுவே கீறல் விழும், அக்ரிலிக்கில் துண்டு கழன்று வரும்.

அக்ரிலிக் முகப்பு 3 மில்லிமீற்றர் பால்வெள்ளை. வார்ப்புத் தாள், அழுத்தித் தள்ளிய தாள் என்று இரு வகை, இரண்டாவது மலிவு. லேசரில் வெட்டிய மலிவுத் தாளின் விளிம்பில் குளோரோஃபோம் விட்டு ஒட்டினால் சில நாளில் மயிர்வெடிப்புப் படரும், வெட்டின் சூட்டில் உள்ளே நின்ற இறுக்கம்தான் காரணம். மழைக்காலத்தில் ஒட்டினால் மூட்டு வெள்ளையாய்ப் பூக்கும், பிடியும் பலவீனம். கார்த்திகை, மார்கழியில் அவசர ஓடர் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். நீண்ட அக்ரிலிக் முகப்பு கேட்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 30 பாகை ஏறினால் 8 அடித் தாள் 5 மில்லிமீற்றர் நீளும். ஸ்குரூத் துளை ஸ்குரூவை விட இரண்டு மூன்று மில்லிமீற்றர் பெரிதாக இல்லாவிட்டால் துளையிலிருந்தே வெடிக்கும்.

உள்ளே எரியும் லைற்

மொடியூல் 12 வோல்ட். கணக்கு எளிது: 80 மொடியூல், ஒவ்வொன்றும் 1.2 வாட் என்றால் 96 வாட். பவர் சப்ளையை 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. அப்படிப் பார்த்தால் 120 வேண்டும், சந்தையில் அடுத்த அளவு 150 வாட், 12.5 அம்பியர். 100 வாட் சப்ளையும் எரிய வைக்கும், சூடேறிச் சாகும். அதை வைக்கும் இடமும் முக்கியம். துளைத்த தகட்டுப் பெட்டிச் சப்ளையைப் பலகைக்குப் பின்னால் மறைத்து வைத்தால் உப்பும் பல்லியும் அதற்குள் போகும். கடைக்குள் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள், அல்லது தண்ணீரும் தூசியும் புகாமல் அடைத்த ஐபி 67 வகையை வாங்குங்கள்.

கடைக்குள் வைத்தால் வயர் நீளும், அதற்கும் விலை உண்டு. 96 வாட்டுக்கு 8 அம்பியர். 6 மீற்றர் தூரம், போய்வர 12 மீற்றர், 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 1.2 வோல்ட் வழியிலேயே தொலையும். கடைசி எழுத்து மங்கும், கடைக்காரர் மொடியூலைக் குறை சொல்வார். 4 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு அரை வோல்ட்டுக்குள் நிற்கும். ஒரே சரத்தில் 20 மொடியூலுக்கு மேல் தொடுக்கக் கூடாது.

வெளிச்சம் பொட்டுப் பொட்டாய்த் தெரிந்தால் எழுத்தின் ஆழம் போதவில்லை. மொடியூலுக்கு மொடியூல் இடைவெளி எழுத்தின் ஆழத்தை மீறாமல் இருந்தால் சமமாய்ப் படரும்: 2 அங்குல ஆழத்துக்கு 2 அங்குலம். சிவப்பு முகப்புக்குள் சிவப்பு மொடியூல். வெள்ளையைப் போட்டால் மங்கும். வெள்ளையிலும் ஒரு போட்டுக்கு ஒரே பெட்டிச் சரக்கு, இல்லாவிட்டால் ஒரு எழுத்து நீலம், ஒரு எழுத்து மஞ்சள். பூட்ட முன் பட்டறையிலேயே, இருட்டிய பிறகு, எரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றிய மூட்டு உப்புக் காற்றில் பச்சை பிடிக்கும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, சிலிக்கனால் மூட வேண்டும். பலகையில் வயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போடாவிட்டால் அந்த மெல்லிய தகட்டு விளிம்பு காற்றின் ஆட்டத்தில் வயரின் உறையை அறுத்துவிடும். ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் 5 மில்லிமீற்றர் வடிதுளை விடுங்கள். அதில் சிறு கம்பி வலைத் துண்டும் வையுங்கள். இல்லாவிட்டால் குளவி மண் வைத்து அடைத்துவிடும். மழைக்கு ட்ரிப் சுவிச் விழுகிறதென்றால் எழுத்தைக் கழட்டத் தேவையில்லை. 12 வோல்ட் பக்கத்துக் கசிவு ட்ரிப்பைத் தள்ளாது. 230 வோல்ட் வயர் சப்ளைக்குள் நுழையும் மூட்டைப் பாருங்கள். சட்டத்துக்கு எர்த் கட்டாயம்.

கரண்ட் செலவு பயப்படும் அளவுக்கில்லை. மேலே சொன்ன போட் நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால், சப்ளையின் இழப்பையும் சேர்த்து மாதம் 17 யூனிற் வரும். ரைமர் ஒன்று போட்டால் விடிய விடிய எரியாது.

யாருக்கு வேண்டாம்

வாடகைக் கடை, இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் இந்தச் செலவு வீண். ஃப்ளெக்ஸ் அடித்து, பின்னால் கறுப்புள்ள தாளாகக் கேட்டு, வருடத்துக்கு ஒன்று மாற்றினாலும் கையைக் கடிக்காது. இடைப்பட்ட தெரிவு, ஏசிபி பலகையில் வெட்டிய ஸ்ரிக்கர் எழுத்து, வெளியிலிருந்து ஒரு ஃபோகஸ் லைற். இதில் ஸ்ரிக்கரின் தரத்தைக் கேளுங்கள்: மொனொமெறிக் வகை சுருங்கி ஓரத்தில் பசைக் கோடு விடும், அதில் தூசி ஒட்டும், பொலிமெறிக் வகை நிற்கும். கையால் எழுதும் ஓவியர் இன்னும் இருக்கும் ஊரில் எனாமல் போட்டும் கேவலமில்லை. தமிழ்ச் சுழிகளை அவர்கள் கை வளைப்பது போல் எந்த ஃபொன்றும் வளைக்காது.

எடுப்பதென்று முடிவானால் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபை அனுமதியை யார் எடுப்பது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பிரதான வீதியோரத்தில் தூண் நடுவதென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் போக வேண்டி வரும். வளைகோடாக மாற்றிய கோப்பு, தாளின் நிற இலக்கம், அதே பெட்டியில் மிஞ்சிய பத்து மொடியூல், இந்த மூன்றும் வேலை முடிந்த அன்று கைக்கு வர வேண்டும். ஐந்து வருடம் கழித்து ஒரு எழுத்து உடைந்தால் அவை இல்லாமல் பொருத்தம் பார்க்க முடியாது. உத்தரவாதமும் பலகைக்கு ஒன்று, மொடியூலுக்கு ஒன்று, சப்ளைக்கு ஒன்று எனப் பிரித்து எழுதப்பட வேண்டும். முதலில் சாவது சப்ளைதான். கேட்கும்போது 'கரண்ட் பிழை' என்று கைவிரிப்பார்கள்.

பராமரிப்பு ஒரு வாளித் தண்ணீர்தான். வாடைக்காற்று அடங்கி வெயில் திரும்பும் நாட்களில் ஒருதரம், கச்சான் முடிந்ததும் ஒருதரம், நல்ல தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து மெல்லிய துணியால் மேலிருந்து கீழாகக் கழுவினால் உப்பும் புழுதியும் போய்விடும். பலகையின் கீழ் விளிம்பு, மழைநீர் போய்க் கழுவாத உள்மடிப்பு, இந்த இடங்களில் கொஞ்சம் கூடத் தண்ணீர் விடுங்கள். தின்னர், ஸ்பிரிற், கண்ணாடி துடைக்கும் திரவம் எதையும் அக்ரிலிக்கில் படவிட வேண்டாம்.